தள்ளி உட்காரச் சொன்ன கை

புதிதாக ஸ்டுடியோ திறந்திருக்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். எந்த லென்ஸில் முகம் நன்றாக வரும், விளக்கை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்டு போனில் குறித்துக்கொள்கிறார்கள். அதையெல்லாம் இப்போது ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்ளும் என் மகளிடம் கேளுங்கள். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், பொறுமையும் அதிகம். என்னிடம் சொல்வதற்கு இருப்பது நான் செய்த ஒரு தப்பு. இத்தனை வருடம் காஞ்சிபுரத்தில் முகங்களைப் படம் பிடித்தவள் செய்திருக்கக் கூடாத தப்பு. கவனமாக இல்லாவிட்டால் நீங்களும் செய்வீர்கள். ஏனென்றால் செய்யும்போது அது தப்பு மாதிரியே இருக்காது, நல்ல வேலை மாதிரி இருக்கும்.

நான் ஓய்வெடுப்பதற்கு மூன்று வருடம் முன்பு, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று தன் கட்டடத்தைப் புதுப்பித்தது. கூடத்துச் சுவரில் உறுப்பினர் ஒவ்வொருவருடைய படமும் இருக்க வேண்டும், அதுவும் பாஸ்போர்ட் முகமாக இல்லாமல் அவரவர் வீட்டில், தறியோடும் தனக்குப் பிடித்த ஒரு பொருளோடும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். செயலாளர் வந்து இதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருட சேவைக் கூட்டம் என்று பிறர் காட்டிய இடத்தில் நின்றே என் காலம் போயிருந்தது. இங்கே ஒரு தெரு முழுக்கத் தான் யார் என்று சொல்லிக்கொள்ளப் போகிறது, அதை நான் எடுக்கப் போகிறேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையில் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். அவர் கேமராவைத் தொட்டது கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம்தான். பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் எடுத்த படங்களின் முதுகில் எல்லாம் அவர் பெயர்தான் ரப்பர் ஸ்டாம்பாக விழுந்துகொண்டிருந்தது. ஊருக்கு நான் வெறும் போட்டோக்காரம்மா. இந்தப் படங்களைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் வைக்கலாம் என்று பேச்சு வந்து, கீழே என் பெயரைப் போடுவார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. ஒரு படத்தில்கூடக் குறை இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

ஆகவே வீடு வீடாகப் போய் ஒழுங்கு செய்தேன். கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன். கொடியில் தொங்கிய துண்டை எடுத்தேன். ஒருவர் தன் புது வாஷிங் மெஷினோடு நிற்கிறேன் என்றார். நான் பேசிப் பேசி அவர் கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்தேன். இன்னொருவர் மகள் ஜெயித்த கபடிக் கோப்பையை எடுத்துவந்தார். அதில் வெளிச்சம் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது என்று அதை வாங்கி வைத்துவிட்டுப் பட்டு நூலைக் கொடுத்தேன். "போட்டோக்காரம்மா வந்தா வூடு சுத்தமாயிடும்" என்று பெண்கள் சிரித்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் ஒரு காலை வேளையில் தனபால் வீட்டுக்கும் போனேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறிக் குழியில் காலை இறக்கி, நடுவில் உட்கார்ந்து நெய்வார். இன்னொருவர் வலது ஓரத்தில் இருந்து கரைக்கு உரிய நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டையை, தள்ளிக் கொடுப்பார். நடுவில் இருப்பவர் நெசவாளர், ஓரத்தில் இருப்பவர் ஒத்தாசை. பெரும்பாலும் நடுவில் ஆண், ஓரத்தில் வீட்டுப் பெண்.

தனபால் வீட்டில் நடுவில் இருந்தது அவர் மனைவி மரகதம். உட்காரும் பலகைமேல் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எட்டும் தூரத்தில் மூக்குக் கண்ணாடிப் பெட்டி, தண்ணீர்ச் சொம்பு. தறிக்கட்டையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு சின்ன ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தனபால் ஓரத்தில் இருந்தார். உயரமான மனிதர், காலை நீட்டிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்தி, ரிமோட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டிச் சொன்னேன்: "ஐயா, நீங்க நடுவுல வாங்க. அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க."

"இல்லம்மா, நான் இப்படியே இருந்துக்கினு இருக்கிறேனே" என்றார் தனபால். "அவதான் அங்க."

"படம் உங்களோடதுதானே? உறுப்பினர் நீங்கதானே? நீங்க போய் ஓரமா உக்காந்தா எப்படி?"

அவர் மனைவியைப் பார்த்தார். மரகதம் எழுந்துகொண்டார். நான் போய் அந்தப் புடவை மடிப்பை எடுத்தேன். கண்ணாடிப் பெட்டியை எடுத்தேன், சொம்பை எடுத்தேன். தனபால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு குழியில் காலை இறக்கினார். அதை நான் பார்த்தேன். பார்த்தும், "முகத்த கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சிக்கோங்க" என்றுதான் சொன்னேன்.

பிடித்த பொருளாக அவர் ரேடியோவைக் காட்டினார். பிளாஸ்டிக், படத்தில் நன்றாக இருக்காது என்று அதை அவிழ்த்துவிட்டுக் கையில் நாடாவைக் கொடுத்தேன். மரகதம் கதவுக்குப் பின்னால் நின்றார். "இவளும் வரட்டுமா?" என்று தனபால் ஒருமுறை கேட்டார். உறுப்பினர் மட்டும்தான் என்றேன்.

படம் பிரமாதமாக வந்தது. வெளிச்சம் அவர் நெற்றியிலும் நாடாவிலும் விழுந்திருந்த அழகைப் பார்த்துச் செயலாளர் அதை வாசலுக்கு எதிரே முதல் படமாக மாட்டினார். வந்தவர் போனவர் எல்லாரும் அதன் முன்னால் நின்றார்கள். நானும் எத்தனையோ முறை போய் நின்றிருக்கிறேன்.

அடுத்த வருடம் தனபால் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, மரகதம் ஸ்டுடியோவுக்கு வந்தார். இறந்தவர் படத்தைப் பெரிதாக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கமான வேலை.

"பெரிசா போட்டு, நல்ல பிரேமா போட்டுத் தரேன், உக்காரு மரகதம்" என்றேன்.

"நான் அதுக்கு வரலக்கா" என்றார். உட்காரவும் இல்லை.

நின்றபடியே சொன்னார். சங்கத்தில் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு, பட்டு, ஜரிகை எல்லாம் உறுப்பினருக்குத்தான் கொடுப்பார்கள். உறுப்பினர் இறந்தால், அவர் காலத்திலேயே அந்தத் தறியில் நெய்துகொண்டிருந்த குடும்பத்து ஆளுக்கு அந்த இடம் போகும். இப்போது தனபாலின் தம்பி சம்பத் அந்த இடத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சம்பத் கெட்ட மனிதர் இல்லை. சின்ன வயதில் அண்ணனோடு நெய்தவர். பிறகு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார், அங்கே ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். திரும்பி வந்ததிலிருந்து அண்ணனும் நானும்தான் மாறி மாறி நெய்தோம், அண்ணி கரை மட்டும்தான் தள்ளினார் என்று அவர் சங்கக் கமிட்டியிடம் சொல்லிவிட்டார்.

"ஏழு வருஷமா அவருக்கு இடுப்பு போயிடுச்சிக்கா. குழியில எறங்கல. நான்தான் நெய்யிறேன். வெளிய சொன்னா மெம்பர் அட்டைய எடுத்துடுவாங்கன்னு பயந்துக்கினு சொல்லாம வெச்சோம். தெருவுல எல்லாருக்கும் தெரியும். இப்ப கேட்டா, உங்க வூட்டு சமாச்சாரத்துல எங்கள இழுக்காதேன்றாங்க."

"நீ நெய்து காட்டேன்."

"பாவு ஏது? கடைசி பொடவைய அறுத்துக் குடுத்தாச்சி. மெம்பர் இல்லாம புது பாவு தர மாட்டாங்க. வெறும் தறியில இன்னாத்த நெய்யிறது?" என்றவர், என் முகத்தை நேராகப் பார்த்தார். "நெய்ஞ்சது யாருன்னு சுவத்துலயே மாட்டியிருக்குதேன்றான் சம்பத்து. கமிட்டிக்காரங்களும் அந்த படத்ததான் பாக்கறாங்க. என்ன எழுப்பி வுட்டது நீங்கதானேக்கா. வெள்ளிக்கிழம கமிட்டி. வந்து சொல்லுங்க."

வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகிவிட்டது. ஒரு படத்தை நான் ஜோடித்தேன் என்று ஊரறியச் சொன்னால் மற்றப் படங்களை யார் நம்புவார்கள்?

"பாக்கறேன் மரகதம்" என்றேன்.

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நடந்தத சொல்லணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அழவில்லை, கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

எடுத்த படங்களில் வேண்டாததை நான் அழிப்பதே இல்லை. இது நல்ல பழக்கம் என்று நினைக்காதீர்கள், வெறும் சோம்பல். ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிகிறது என்று என் மகள் திட்டிக்கொண்டே இருப்பாள். அன்று அவளே உட்கார்ந்து தேடி, தனபால் வீட்டில் முதலில் விழுந்த படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். வெளிச்சம் பார்க்க ரிமோட்டை அழுத்திய படம் அது. இருட்டாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. நடுவில் மரகதம், கை தறியில். ஓரத்தில் காலை நீட்டிய தனபால். புடவை மடிப்பு, கண்ணாடிப் பெட்டி, சொம்பு, ரேடியோ எல்லாம் அதனதன் இடத்தில். வலது பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டு, தள்ளு என்று காட்டிக்கொண்டிருந்தது. என் வளையல், என் கடிகாரம்.

"இத பிரிண்ட் போட்டு அவங்ககிட்ட குடுத்துடும்மா" என்றாள் மகள். "படமே பேசிடும். நீ எதுக்குப் போய் நின்னுக்கினு?"

ஒரு நாள் முழுக்க அந்த யோசனையிலேயே இருந்தேன், சௌகரியமான யோசனை. ஆனால் படம் தானாகப் பேசாது என்பதற்கு அந்தச் சுவரில் மாட்டியிருந்த என் நல்ல படமே சாட்சியாக இருந்தது. பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாததால்தானே அதை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் புடவையை மாற்றிக்கொண்டு நானே கிளம்பினேன்.

கூடத்தில் மேசைக்குப் பின்னால் செயலாளரும் கமிட்டிக்காரர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். ஒரு பக்கம் சம்பத், இன்னொரு பக்கம் மரகதம். எல்லாருக்கும் பின்னால் சுவரில் தனபால் நாடாவோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன பிரிண்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன்:

"நான் வூட்டுக்குள்ள போனப்ப மரகதம்தான் நடுவுல உக்காந்து நெய்துகினு இருந்தாங்க. அவர் ஓரமா இருந்தார். அவரை நடுவுல உக்கார வெச்சது நான். வேணாம்னு சொன்னார், நான் கேக்கல. சுவத்துல இருக்குறது நான் ஜோடிச்ச படம்."

சம்பத் பிரிண்டை எடுத்துப் பார்த்தார். "லைட்டு பாக்கறதுக்கு அண்ணி சும்மா உக்காந்திருப்பாங்க. இத வெச்சி இன்னா சொல்றது?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு கணத்துப் படம் ஏழு வருடத்தைச் சொல்லாது.

செயலாளருக்குக் கவலை வேறு. "ஏம்மா, அப்ப மத்த படம்லாம்? அதுவும் இப்படித்தானா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து நடந்து வரும்போதே அதற்கு நாலு பதில் தயார் செய்திருந்தேன், நாலும் மழுப்பல். மரகதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. பாதிக்கு மேல அப்படித்தான். அவங்க எடுத்துட்டு வந்தத வாங்கி வெச்சிட்டு நான் வேற குடுத்திருக்கேன். எல்லாத்தையும் திரும்ப எடுத்துத் தரேன். கண்காட்சிக்கு இதெல்லாம் அனுப்ப வேணாம்."

யாரும் உட்காரச் சொல்லவில்லை. கமிட்டியில் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நெசவாளர் எழுந்து, சுவரில் இருந்த படத்தின் அருகே போய் நின்றார்.

"அந்த பலகைமேல எதுனா இருந்துதாம்மா?"

"மடிச்ச புடவை ஒண்ணு இருந்துது. நான்தான் எடுத்தேன்."

"அதான், ஒயரத்துக்குப் போட்டுக்கினது" என்று விரலால் படத்தின் கீழ்ப்பகுதியைத் தொட்டார். "கால் மிதிய மேல தூக்கி கட்டியிருக்குது பாருங்க. குட்டையான காலுக்குக் கட்டினது. தனபாலு என்னவிட வளத்தி. முட்டி மரத்துல இடிச்சிக்கினு இருக்குது. இப்படி உக்காந்து ஒரு முழம் நெய்ய முடியாது." பிறகு சம்பத்தைப் பார்த்தார். "நீயும் உங்கண்ணன் ஒயரம்தான்பா. இந்த தறியில நீ நெய்ஞ்சியா?"

சம்பத் பிரிண்டைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"ஒரு வருஷமா இத பாத்துக்கினுதான் உள்ள வரேன்" என்றார் அந்த மனிதர் செயலாளரிடம். "மூஞ்சியத்தான் பாத்தேன்."

அப்போதுதான் மரகதம் வாயைத் திறந்தார். "அந்த மிதிய எனக்குக் கட்டிக் குடுத்தது அவருதான்."

அதற்குமேல் பேச்சு வளரவில்லை. தனபாலின் இடம் மரகதத்துக்கு என்று எழுதினார்கள். சம்பத்தைப் புது உறுப்பினராகத் தனியாக விண்ணப்பம் போடச் சொன்னார்கள். அடுத்த வாரம் மரகதத்துக்குப் பாவு கொடுத்தார்கள். சம்பத் இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்துவதில்லை. அவர் கோபத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த வீட்டுச் சண்டைக்குக் கையில் ஆயுதம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

கண்காட்சி நடக்கவில்லை. அச்சடித்த அழைப்பிதழ்க் கட்டு இன்னும் பரணில் இருக்கிறது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். ஆடியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும் வீடு வீடாகத் திரும்ப எடுத்தேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவது. பெண்கள் விடுவார்களா? "இன்னாம்மா, சிலிண்டரு இருக்கட்டுமா, தூக்கட்டுமா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டுச் சிரித்தார்கள். இருக்கட்டும் என்றேன். வாஷிங் மெஷின்காரர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மனைவிக்குக் கை வலி வந்த பிறகு வாங்கியதாம். முதல்முறை நான் அதைக் கேட்கவே இல்லை. கபடிக் கோப்பை இன்றும் வெளிச்சம் பட்டுக் கண்ணைப் பறித்துக்கொண்டு சுவரில் இருக்கிறது. என்ன இப்போது, பறிக்கட்டும்.

கடைசியாக மரகதம் வீட்டுக்குப் போனேன். தறியில் புதுப் பாவு, ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் கரை தள்ளிக்கொண்டிருந்தார். பலகைமேல் அதே புடவை மடிப்பு. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"எனக்குப் புதுசு வேணாக்கா" என்றார் மரகதம். "அந்த மொத படத்த மாட்டிடுங்க. அதுல அவரும் இருக்குறாரு, நானும் இருக்குறேன்."

"அது இருட்டா இருக்குது. கோணலாவும் இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். அவர பாருங்க, கேமராவ எங்க பாக்கறாரு? என் கையதான் பாத்துக்கினு இருக்காரு. நான் எப்ப நாடாவ வுடுவேன்னு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன், உண்மைதான். நான் அத்தனை தடவை பார்த்தும் என் கையைத்தான் பார்த்திருந்தேன், அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இருட்டைக் கொஞ்சம் சரிசெய்து, பிரேம் போடுமுன் மரகதத்திடம் ஒருமுறை காட்டினேன். ஓரத்தில் நீண்டிருக்கும் என் கையை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அசிங்கமாக இருக்கிறது என்றேன்.

மரகதம் பிரிண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வெட்டாதீங்கக்கா. நீங்க வந்ததும் நடந்ததுதானே" என்றார்.

அந்தப் படம்தான் இப்போது வாசலுக்கு எதிரே முதலில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அந்தச் சுவரில் என் பெயர் எங்கேயும் கிடையாது. அந்தக் கை யாருடையது என்று கேட்டால் சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.